குயில்ட் பாதியில் நிற்காமல் முடிய: வடிவமைப்பிலேயே போட வேண்டிய கணக்கு

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றடுக்காகத் தைக்கும் போர்வைதான் குயில்ட். பாதியில் நின்றுபோன குயில்ட்டுகளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தால், தையல் ஓடிக்கொண்டிருந்தபோது நின்றவை மிகக் குறைவாகவே இருக்கும். துணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எப்படி வெட்டுவது என்று தெரியாத இடத்திலோ, பிளாக்குகள் (மேல்துணியை உருவாக்கும் சதுரக் கட்டங்கள்) எல்லாம் தைத்து முடிந்து எந்த வரிசையில் அடுக்குவது என்ற இடத்திலோ, மேல்துணி தயாராகிப் பஞ்சும் அடித்துணியும் வாங்க வேண்டிய இடத்திலோதான் பெரும்பாலானவை நின்றிருக்கும். ஒரு நிலை முடிந்து அடுத்த நிலை தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிவு காத்திருக்கிறது, அல்லது ஒரு பொருள் கையில் இல்லாமல் இருக்கிறது. வேலை முடிந்து களைப்போடு உட்காரும் மாலை நேரத்தில் தையல் போடக் கை வரும். முடிவெடுக்க மனம் வராது. ஆகவே தினமும் இத்தனை மணி நேரம் தைப்பேன் என்று உறுதி எடுப்பதைக் காட்டிலும், முடிவுகளையெல்லாம் தொடக்கத்திலேயே காகிதத்தில் எடுத்து முடித்துவிட்டு, தையல் இயந்திரத்தின் முன் அமரும்போது கைக்கு மட்டும் வேலை இருக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

இதை விளக்க ஒரே ஒரு குயில்ட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குயில்ட் மரபில் 'ஐரிஷ் செயின்' என்ற பெயரில் வழங்கும் பழைய வடிவம் அது. ஒன்பது சிறு சதுரங்களால் ஆன பிளாக்கும், தையலே இல்லாத வெற்றுத் துணி பிளாக்கும் ஒன்று விட்டு ஒன்றாக வரும். ஒன்பது சதுரங்களில் நான்கு மூலைகளும் நடுவும் அடர் நிறம். மற்ற நான்கும் வெளிர் நிறம். வெற்று பிளாக்கும் அதே வெளிர் நிறம்தான். எல்லாவற்றையும் இணைத்த பிறகு அடர் சதுரங்கள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு குயில்ட் முழுவதும் சாய்வாகச் சங்கிலி போட்டு ஓடும். தையலின் அளவுக்கு மீறிய அழகைத் தருவதால், முதல் பெரிய குயில்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காகிதத்தில் முடிக்க வேண்டியவை

ஒற்றைக் கட்டிலுக்கு 63 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும் போதும். ஒரு பிளாக் 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் 7, நீளத்தில் 9, மொத்தம் 63 பிளாக்குகள் வேண்டும். இரண்டு எண்களும் ஒற்றைப்படையாக இருப்பதை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். அப்போதுதான் நான்கு மூலைகளிலும் ஒரே வகை பிளாக் வந்து அமரும். இந்தக் கணக்கின்படி ஒன்பது சதுர பிளாக்குகள் 32, வெற்று பிளாக்குகள் 31.

தைத்து முடித்த பிறகு 3 அங்குலமாக இருக்க வேண்டிய சதுரத்தை 3½ அங்குலமாக வெட்ட வேண்டும். இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விடுவதுதான் இந்த வேலையில் எங்கும் உள்ள வழக்கம். வெற்று பிளாக் 9½ அங்குலம். இனி, 32 பிளாக்குகளுக்கு 288 சதுரங்களைத் தனித்தனியாக வெட்டி ஒவ்வொன்றாக இணைக்கத் தொடங்கினால், அந்த வேலை எங்கே நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக, துணியின் முழு அகலத்திற்கு 3½ அங்குலப் பட்டைகளாக வெட்டி, மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து, பிறகு அந்த இணைப்பைக் குறுக்கே 3½ அங்குலத் துண்டுகளாக வெட்டுவதே எளிய வழி. அடர்–வெளிர்–அடர் என்ற இணைப்பு 6, வெளிர்–அடர்–வெளிர் என்ற இணைப்பு 3 தேவைப்படும். ஓர் இணைப்பிலிருந்து 11 அல்லது 12 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் வகைத் துண்டு இரண்டும், அவற்றின் நடுவே இரண்டாம் வகைத் துண்டு ஒன்றும் வரும். ஆக 64 துண்டுகளும் 32 துண்டுகளும் வேண்டும். 11 வீதம் கிடைத்தாலும் போதுமானது. இருபது நீளத் தையல்கூட இல்லாமல், பதினெட்டே தையலில் 288 சதுரங்களும் மூன்று மூன்றாக இணைந்துவிடுகின்றன.

துணிக்கான கணக்கையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால் 42 அங்குலம் பயன்படும். அடர் நிறத்தில் 15 பட்டைகளுக்கு 52½ அங்குலமும், விளிம்புப் பட்டிக்கு 20 அங்குலமும் சேர்த்து 72½ அங்குலம், அதாவது 1.84 மீட்டர் ஆகிறது. துவைத்தால் சுருங்குவதையும் ஓரத்தை நேராக்குவதையும் கருதி 2¼ மீட்டர் வாங்கலாம். வெளிர் நிறத்தில் 12 பட்டைகளுக்கு 42 அங்குலமும், ஒரு பட்டைக்கு 4 வீதம் 31 வெற்று பிளாக்குகளுக்கு 76 அங்குலமும் சேர்ந்து 3 மீட்டர் ஆகிறது. 3½ மீட்டர் வாங்குவது பாதுகாப்பு. அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 71-க்கு 89 அங்குலம் இருக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பருத்திப் புடவை ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் இந்த அளவு தாராளமாகக் கிடைக்கும். நைந்த இடம் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்துணி, அடித்துணி, பஞ்சு விரிப்பு, நூல் ஆகிய நான்கையும் முதல் வெட்டுக்கு முன்பே வாங்கி ஒரே பையில் வைத்துவிடுவது அவசியம். பணம் ஒரே நேரத்தில் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் மேல்துணியை முடித்த பிறகு பஞ்சு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தவர்களின் குயில்ட்டுகள்தான் அலமாரிகளில் அதிகம்.

சொந்த வடிவத்தை எங்கே தொடங்குவது

புதிய வடிவம் என்றால் வெற்றுத் தாளில் புதிதாக ஒன்றை வரைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் நல்ல பயிற்சி. ஒவ்வொரு மாற்றமும் எத்தனை தையலைக் கூட்டுகிறது என்பதையும் உடனுக்குடன் எழுதிக்கொள்ள வேண்டும். வெளிர்–அடர்–வெளிர் இணைப்பின் நடுப் பட்டையை மூன்றாவது நிறத்திற்கு மாற்றினால், ஒவ்வொரு பிளாக்கின் நடுச் சதுரமும் நிறம் மாறி, சங்கிலியில் இடையிடையே கண்ணிகள் தெரியத் தொடங்கும். மாறியது மூன்று பட்டைகள் மட்டுமே. தையல் ஒன்றுகூடக் கூடவில்லை.

அடுத்து, வெற்று பிளாக்கின் நான்கு மூலைகளிலும் வேறு நிறத்தில் 3½ அங்குலச் சதுரத்தை வைத்து, மூலைவிட்டத்தில் தைத்து, கால் அங்குலம் விட்டு வெளிப்புறத்தை வெட்டி, மடித்து இஸ்திரி போட்டால், வெற்று பிளாக் எண்கோணமாகத் தெரியும். சதுரங்கள் மட்டுமே இருந்த குயில்ட்டில் வளைவு இருப்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும். மிக அழகான மாற்றம் இது, ஆனால் 124 மூலைத் தையல்களைக் கூட்டுகிறது. அதற்கும் மேலே போய், அதே 9 அங்குல பிளாக்கை 1 அங்குலச் சதுரங்களால் நிரப்ப நினைத்தால் ஒரு பிளாக்குக்கு 81, மொத்தம் 2592 சதுரங்கள். எது அழகு என்பது அவரவர் விருப்பம். எது முடியும் என்பது இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

திசை உள்ள பிளாக்குகளை எடுத்தால் வேறு ஒரு வாசல் திறக்கிறது. ஒரு சதுரத்தைச் சாய்வாகப் பாதி அடர், பாதி வெளிர் என்று பிரிக்கும் முக்கோண இணைப்பை நான்கு திசையிலும் திருப்பி வைக்கலாம்; அப்படி நான்கு சதுரங்களைக் கொண்ட ஒரு பிளாக்கில் 256 விதமான அடுக்குகள் உண்டு. காற்றாடி, வைரம், அம்பு, மலைத்தொடர் எல்லாம் அதிலிருந்து வருபவைதான். நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கும் 'லாக் கேபின்' பிளாக்கில் ஒரு பாதியை அடர் நிறத்திலும் மறுபாதியை வெளிர் நிறத்திலும் வைத்தால், தைப்பது ஒரே பிளாக்காக இருக்க, திருப்பி அடுக்கும் முறையை வைத்தே உழவுச்சால் போன்ற சாய்ந்த கோடுகளும், ஒன்றுக்குள் ஒன்றான வைரங்களும் கிடைக்கின்றன.

இந்த அடுக்குகளைப் பார்க்கக் கணினி மென்பொருள் தேவையில்லை. கிராஃப் தாளில் ஒரு பிளாக்கை வரைந்து, அடர் பகுதியைப் பென்சிலால் கருப்பாக்கி, ஜெராக்ஸ் கடையில் பதினாறு பிரதிகள் எடுத்து, வெட்டி, மேசையில் நான்குக்கு நான்காகப் பரப்பித் திருப்பிப் பார்த்தால் போதும். பென்சிலின் கருப்பு வெள்ளையில் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தூரத்திலிருந்து பார்க்கும்போது வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிறத்தை விட அடர்த்தி வேறுபாடுதான். சிவப்பும் பச்சையும் அருகருகே எவ்வளவு மாறுபட்டாலும், இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் சங்கிலி மறைந்துவிடும். வாங்கிய துணிகளைச் சேர்த்து வைத்துக் கைபேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தால் இந்தக் குறை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

திட்டம் போட்டுத் தைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து சூழும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த வேலை உடுப்புகளைக் கொண்டு தைத்த குயில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது. அளந்து வெட்டாமல் கண்ணளவில் தைக்கப்பட்டவை அவை. ஆனாலும் அங்கே அதிகம் தைக்கப்படும் 'ஹவுஸ்டாப்' வடிவத்தில், நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என்ற ஒரே முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பட்டையின் அகலமும் நிறமும் மட்டுமே அவ்வப்போது கையில் இருக்கும் துணியைப் பொறுத்து மாறுகின்றன.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்ற குயில்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, ஒட்டுத்துணியை மடித்து வைத்து, ஓட்டுத்தையலிலேயே எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தபடி சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். மேல்துணி, அடுக்குதல், குயில்ட் தையல் (மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்) என்று தனித்தனி நிலைகளே இல்லாததால், எந்த நாளில் கீழே வைத்தாலும் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். அளவுக்கோலும் கணக்கும் பிடிக்காதவர்கள் இந்த வழியையே எடுத்துக்கொள்ளலாம். கையால் தைப்பதற்கும் பயணத்தின்போது கையில் வைத்திருப்பதற்கும் இது மிகப் பொருத்தமானது.

வெட்டுவதும் தைப்பதும்

துணியைத் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை அடர் நிறத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போட்டால், வெள்ளையில் நிறம் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். சிவப்பிலும் நீலத்திலும் இதைத் தவிர்க்கவே கூடாது. மெல்லிய பருத்தியாக இருந்தால் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொள்வது நல்லது. சாய்வாக வெட்டிய ஓரங்கள் இழுபடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. பனியன் துணித் துண்டுகள் மலிவாகக் கிடைத்தாலும், இழுத்தால் நீளும் துணியை இந்த வேலையில் கலக்க வேண்டாம்.

முதல் இணைப்பைத் தைத்து முடித்ததும் நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும். மூன்று பட்டைகள் சேர்ந்து 9½ அங்குலம் இருக்க வேண்டும். நடுப் பட்டை சரியாக 3 அங்குலம் தெரிய வேண்டும். தையலில் ஒரு பக்கத்திற்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். இரண்டு தையலில் கால் அங்குலம் போய்விடும். பிளாக் 9¼ அங்குலமாகி, 9½ அங்குல வெற்று பிளாக்கோடு ஒருபோதும் பொருந்தாது. இதைச் சரிசெய்ய, ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து இயந்திரத்தின் தகட்டில் தடிமனான ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் ஓரத்தை அதை உரசியபடி செலுத்தினால் போதும். நூலின் தடிமனும் மடிப்பும் சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால், நாடாவைக் கால் அங்குலத்திற்கு ஒரு நூலளவு உள்ளே ஒட்டுவதே சரியாக வரும்.

அடுத்தது இஸ்திரி. இரண்டு வகை இணைப்புகளிலும் தையல் மடிப்பை எப்போதும் அடர் நிறத் துணியின் பக்கமே சாய்க்க வேண்டும். அப்படிச் செய்தால், ஒரு துண்டில் மடிப்பு வெளிப்புறமாகவும் மற்றதில் உட்புறமாகவும் அமைந்து, இரண்டையும் சேர்த்து வைக்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். குண்டூசியே குத்தாமல் சதுரங்களின் மூலைகள் நேருக்கு நேர் சந்திக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே கவ்வியிருக்கிறதா என்பது தெரியும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் பட்டை வில்லாக வளையும்.

துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நூலை வெட்டாமல், ஒரு ஜோடி முடிந்தவுடன் அடுத்த ஜோடியை ஊசிக்குள் செலுத்திக்கொண்டே போனால், இயந்திரத்தின் பின்னால் அவை மாவிலைத் தோரணமாகத் தொங்கும். நூலும் நேரமும் மிச்சம். ஒரு நாளைக்கு ஓர் இணைப்பு என்று வைத்தால் ஒன்பது நாளில் பட்டைகள் முடியும்; இரண்டு பிளாக் வீதம் பதினாறு நாளில் எல்லா பிளாக்குகளும் முடியும்; ஒரு வரிசை வீதம் ஒன்பது நாளில் வரிசைகளும் முடியும். இவற்றில் எதுவும் அரை மணி நேரத்தைத் தாண்டும் வேலை இல்லை. வரிசையாக இணைக்கும்போது மடிப்பை வெற்று பிளாக் பக்கமே சாய்த்தால், மேல் வரிசையும் கீழ் வரிசையும் தாமாகவே கவ்விக்கொள்ளும்.

எழுந்திருக்கும் முன் இரண்டு காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் தைக்க வேண்டிய முதல் ஜோடியைக் குண்டூசி குத்தி ஊசியின் அருகிலேயே வைப்பது ஒன்று. பையில் ஓர் அட்டை வைத்து, நூலின் நிறம், ஊசியின் எண், தையல் நீளம், இதுவரை முடிந்தது, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகியவற்றை எழுதுவது மற்றொன்று. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினாலும், அந்த அட்டையைப் பார்த்தவுடன் உட்கார்ந்து தைக்கலாம்.

மூன்று அடுக்கு, குயில்ட் தையல், விளிம்பு

அடித்துணியையும் விளிம்புப் பட்டியையும் வரிசைகளை இணைக்கும் நாட்களிலேயே இடையிடையே தைத்துத் தயாராக வைத்துவிட்டால், மேல்துணி முடிந்தவுடன் வேலை நிற்காது. மூன்று அடுக்கையும் சேர்க்கும் நாளில் மட்டும் தரையில் இடமும், உடன் இன்னொருவரின் கையும் வேண்டும்; அதற்கு ஒரு விடுமுறை நாளை முன்பே குறித்து வைப்பது நல்லது. அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க, சுருக்கமில்லாமல் ஆனால் இழுத்துப் பிடிக்காமல் விரித்து ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டி, அதன் மேல் பஞ்சு விரிப்பையும் மேல்துணியையும் பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கி நான்கு அங்குலத்திற்கு ஒரு ஊக்கு குத்த வேண்டும். நம் ஊர் வெப்பத்திற்குக் கனமான பஞ்சு வேண்டாம். மெல்லிய பருத்தி விரிப்போ, நன்கு துவைத்த பழைய பருத்திப் போர்வையோ போதும். புதிய விரிப்பு வாங்கினால், தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே தையலைத் திட்டமிட வேண்டும்.

ஐரிஷ் செயினில் குயில்ட் தையலுக்குக் கோடு வரையும் வேலை பெரும்பாலும் இல்லை. அடர் சதுரங்களின் மூலைக்கு மூலை நேராகத் தைத்துக்கொண்டு போனாலே சங்கிலியின் மேல் கோடு ஓடிவிடும். அந்தக் கோடுகளுக்கு இடையே ஓர் அடிக்கும் மேல் இடைவெளி இருப்பதால், வெற்று பிளாக்குகளில் தனியாக ஒரு வடிவம் தைத்தாக வேண்டும். பிளாக்குக்குள் அடங்கும் சிறு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து தைப்பது எளிது. எடுத்த கோடு அறுபடாமல் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும் சிறு சிக்குக் கோலம் இங்கே மிகவும் பொருந்தும், ஏனென்றால் இயந்திரத்தில் தைப்பவருக்கு நடுவில் நூலை அறுக்காமல் முடியும் வடிவம்தான் வேண்டும். கையால் தைப்பவர்கள் தடித்த எம்பிராய்டரி நூலில் கால் அங்குல ஓட்டுத்தையல் போட்டால், மெல்லிய நூலில் நுணுக்கித் தைப்பதை விடப் பல மடங்கு விரைவாக முடிவதோடு, தையலும் எடுப்பாகத் தெரியும். எப்படித் தைத்தாலும் நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும்; ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.

இந்த நிலையில்தான் பலரும் தயங்குகிறார்கள். இத்தனை நாள் தைத்ததைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் நியாயமானதே. அதற்கு, இணைப்புகளிலிருந்து மீந்த துண்டுகள் பயன்படும். ஒவ்வோர் இணைப்பிலும் 12 துண்டுகள் கிடைத்திருந்தால், நான்கு பிளாக்குகளுக்குத் தேவையான துண்டுகள் மிச்சமாகக் கையில் இருக்கும். அவற்றைச் சேர்த்து 18 அங்குலச் சதுரமாக்கி, அதே பஞ்சும் அதே நூலும் வைத்து, நூலின் இறுக்கத்தையும் தையல் நீளத்தையும் அதில் சரிபார்த்துவிட்டுப் பெரியதில் கை வைக்கலாம். சோதனை முடிந்ததும் அது ஒரு தலையணை உறைக்கு முகப்பாகும்.

விளிம்புக்கு 2½ அங்குலப் பட்டைகள் எட்டு தேவை. சுற்றளவு 288 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புகளுக்கும் 12 அங்குலம் கூடுதல். நேர் ஓரங்களுக்குக் கிராஸாக வெட்டிய பட்டி தேவையில்லை. நேர் இழையில் வெட்டியதே போதும், துணியும் வீணாகாது. பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் மடித்து, மடிக்காத ஓரத்தைக் குயில்ட்டின் முன்பக்க ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டிக் கீழே மடித்துவிட்டுத் தொடர வேண்டும். அதன் பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால் தைக்கும்போது, மூலை தானாகவே 45 பாகையில் படியும். பின்பக்கத் தையலை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நான்கு நாளில் முடித்தால் தையல் சீராக இருக்கும், விரல் நுனியும் வலிக்காது.